கேசட்டில் இருந்த அப்பா

கைதட்டல் கேட்டதும் லவோனா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடார் தந்தியை முறுக்கினாள்.

வேறு ஊராக இருந்தால் சிரித்துக்கொண்டே தலை குனிந்திருப்பாள். மெம்ஃபிஸில், சிகாகோவில், கடல் தாண்டிப் போய் வாசித்த ஊர்களில் எல்லாம் ஜனங்கள் எழுந்து நின்று தட்டியிருக்கிறார்கள். ஆனால் மிசிசிப்பியின் இந்த வடக்கு மேட்டுப் பூமியில், அதுவும் அத்தை எர்ஸலீனின் ஜூக்கில், குடிக்கவும் ஆடவும் ஜனங்கள் கூடுகிற இந்த இடத்தில், பாட்டுப் பிடித்திருந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆடுவார்கள். ஒரு கையில் பீர் பாட்டில் இருக்கும், இன்னொரு கை கூட ஆடுகிறவளின் இடுப்பில் இருக்கும். தட்டுவதற்குக் கை ஏது? இங்கே கைதட்டல் என்பது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. வந்ததற்குச் சந்தோஷம், போய் வாருங்கள் என்பது அதன் பொருள்.

மூன்று பாட்டு முடிந்திருந்தது. மூன்றுக்கும் தட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறு. வெயில் இன்னும் தகரக் கூரை மேல்தான் உட்கார்ந்திருந்தது. சிமென்ட் கல் வைத்துக் கட்டின அந்த ஒற்றை அறைக்குள் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பெண்கள் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நடுவில் ஆடுவதற்கென்று மேசைகளை ஒதுக்கிவைத்த தரை, கழுவிவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

இதற்காகத்தான் வந்திருந்தாள். முப்பத்தேழு வயதில், இரண்டு ஆல்பமும் நல்ல பேரும் எடுத்த பிறகு. சுவரொட்டிகளில் அவளை 'மேட்டுப் பூமி ப்ளூஸ் இசையை மீட்டு வந்தவள்' என்று போடுவார்கள். ஆனால் மீட்டு வந்ததை அது கிளம்பின வாசலில் வைத்து ஒரு தடவைகூட அவள் வாசித்ததில்லை. அப்பா ஹோசியா டௌடி வாசித்தது இந்த அறையில்தான். லவோனாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, மரம் வெட்டுகிற இடத்தில் அவர் செத்துப்போனார். அடக்கம் முடிந்த வாரமே அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெம்ஃபிஸுக்குப் போய்விட்டாள். அங்கே சர்ச்சில் சேர்ந்தாள். ஹோசியா என்ற பெயர் அந்த வீட்டில் பிறகு எழவே இல்லை. அம்மா இறந்துபோன பிறகு, இந்த வசந்த காலத்தில்தான் அத்தை எர்ஸலீன் தேடிப்பிடித்துப் போன் பண்ணினாள். "ஜூக்கை மறுபடி திறந்திருக்கேன். உங்கப்பன் வருஷா வருஷம் வாசிச்ச செப்டம்பர் ஞாயித்துக்கிழமை வருது. வந்து அவன் பாட்டை வாசி."

அப்பாவுக்கு ஆடின கால்கள் தனக்கும் ஆட வேண்டும். லவோனாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான்காவதாக, அப்பாவின் பெரிய பாட்டை எடுத்தாள். ஓடையைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பெட்டைக் கழுதையைப் பற்றின பாட்டு. ஒரே சுருதியில் நிற்கும். கட்டைவிரல் கீழ்த் தந்தியை விடாமல் இடிக்க, மற்ற விரல்கள் மேலே கொத்திக்கொண்டே இருக்கும். டிரம்ஸில் மார்க்விஸ். பத்து வருஷமாக அவளோடு வாசிக்கிறவன், மெம்ஃபிஸ்காரன். அவன் குச்சி படபடவென்று பறந்தது. லவோனா தலையைப் பின்னால் சாய்த்து, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்த உச்சக் குரலில் பாடினாள்.

ஒரு மனிதர் எழுந்தார். எழுபதைத் தாண்டினவர், நெடுநெடுவென்ற உடம்பு, கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை. பர்னெல் என்று பேர். எழுந்த விதத்தைப் பார்த்தே இவர் ஆடத் தெரிந்தவர் என்று லவோனா கண்டுகொண்டாள். அவர் தரை நடுவே வந்து நின்றார். முழங்காலை மடக்கினார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைப்பதற்குள் தாளம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. தட்டினார்கள். போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள், பாவம்.

"சாப்பிட்டுட்டு வர்றோம்," என்று மைக்கில் சொல்லிவிட்டு லவோனா கிடாரை இறக்கி வைத்தாள்.

பின்கட்டில், பாதியாக வெட்டின இரும்பு டிரம்மில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. எர்ஸலீன் நீட்டுக் கவையை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது, கட்டை உருவம், கண்ணில் புகை. பக்கத்தில் பர்னெல் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, உக்காந்துட்டீங்க? முழங்கால் வலியா?" என்று லவோனா கேட்டாள்.

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு கண்ணு. அந்தப் பாட்டுக்கு ஆடணும்னா எனக்கு இன்னும் ரெண்டு கால் வேணும். யாரு உன்னைத் துரத்துறாங்க?"

எர்ஸலீன் குலுங்கிச் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கடைசியில் மூக்கில் ஒரு குறட்டையோடு முடிகிற சிரிப்பு. "போலீஸ் வண்டி பின்னால வருதுபோல!"

மார்க்விஸும் சிரித்துவிட்டான். லவோனா சிரிக்கவில்லை.

"அப்பா வாசிச்ச மாதிரிதான் வாசிக்கிறேன்."

"அப்படியா?" எர்ஸலீன் ரொட்டியில் கறியை வைத்து, மேலே சாஸை ஊற்றி நீட்டினாள். "நல்லா வாசிக்கிறே, கண்ணு. கை சுத்தமா இருக்கு. ஆனா ஹோசியா இப்படி வாசிக்கலடி."

"இவ அப்பனுக்கு நான் எப்படி ஆடுவேன் தெரியுமா?" என்றார் பர்னெல். "கையில ரொப்பின கிளாஸ். ஒரு சொட்டு சிந்தாது. அப்படி ஒரு நடை அவன் தாளத்துக்கு. இன்னிக்கு ஆடியிருந்தா என் சட்டையில்ல நாறிப்போயிருக்கும்?"

லவோனாவுக்கு முகம் சூடானது. "உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும் மாமா. எங்கிட்ட கேசட் இருக்கு. பதினாலு வயசுலேருந்து கேக்கிறேன். அதுல ஒரு தந்தி பிசகாம கத்துக்கிட்டிருக்கேன். அவர் எங்க மூச்சு விடுவார்னுகூடத் தெரியும்."

"கேசட்டா?" எர்ஸலீனின் கவை நின்றது. "ஹோசியா பாடின கேசட்டா? அது இன்னும் இருக்கா? உங்கம்மா எரிச்சிட்டேன்னுல்ல சொன்னா!"

"ஷூ பெட்டியில வெச்சிருந்தா. போன்ல ஏத்திட்டேன். கேக்கிறீங்களா?"

எர்ஸலீன் கையை ஏப்ரனில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு தலையசைத்தாள்.

மார்க்விஸ் போய்த் தன் வண்டிக் கதவுகளைத் திறந்துவைத்து, ஸ்பீக்கரில் அந்தக் கழுதைப் பாட்டைப் போட்டான். கேசட்டின் இரைச்சல். பிறகு கிடார். பிறகு அந்தக் குரல்.

அந்தக் குரல் லவோனாவுக்கு எப்படி என்றால், அது கேட்டால் போதும், பதினாலு வயதில் போர்வைக்குள் கேசட் பிளேயரைக் காதோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்த சூடு அப்படியே திரும்பி வரும். மெல்லிசான, துடிப்பான, வாலிபக் குரல். எங்கேயோ தூரத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வருகிற ஒருவருடைய குரல். அப்பா என்னிடம் வந்து சேரத்தான் இப்படி ஓடுகிறார் என்று அந்த வயதில் அவள் நினைத்துக்கொண்டாள். வளர்ந்த பிறகும் அந்த நினைப்பை அவள் கைவிடவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

எர்ஸலீன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் சுருங்கியது.

"யாருடி இவன், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறான்?"

"அத்தை! அது அப்பா!"

"எங்கூடப் பொறந்தவனை எனக்குத் தெரியாதா? ஹோசியாவுக்குத் தொண்டை பாதாளத்துல இருக்கும். அவன் குட் மார்னிங் சொன்னா ஜன்னல் கண்ணாடி அதிரும். இது..." அவள் பேச்சு பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே யாரோ ஒரு சின்னப் பெண் கிக்கிக்கீ என்று சிரித்தாள். கடைசியில் மூக்கில் ஒரு குட்டிக் குறட்டை.

பர்னெல் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "எர்ஸலீன், இது உன் சிரிப்பு."

"போய்யா. எனக்கு அப்ப முப்பத்தொண்ணு. இது பத்து வயசுப் பொண்ணு."

"பத்து வயசுப் பொண்ணு யாரு அன்னிக்கு உள்ள இருந்தது? குறட்டையைக் கேளு. உலகத்துல வேற யாருக்கு அந்தக் குறட்டை இருக்கு?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பர்னெல்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தக் காலேஜ்காரப் பையன். வெள்ளைக்காரன், கண்ணாடி போட்டிருப்பான். மெஷினைத் தூக்கிட்டு வந்தானே, அவன் பேட்டரி தீந்துபோச்சு. என்னைக் கடைக்கு அனுப்பினான். ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? திரும்பி வந்து பார்த்தா..."

"நான்தான் குடுத்தேன்," என்றாள் எர்ஸலீன் மெதுவாக. "டார்ச் லைட்ல இருந்ததைக் கழட்டிக் குடுத்தேன். அந்த டார்ச் லைட்டே மின்மினிப் பூச்சி மாதிரிதான் எரியும். எப்படியோ மெஷின் சுத்துச்சு, அவனும் சந்தோஷமா எடுத்துட்டுப் போனான். அப்புறம் உங்கம்மாவுக்கு ஒரு காப்பி அனுப்பினான்."

லவோனாவும் மார்க்விஸும் ஸ்டுடியோவில் பழகினவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேட்டரி இறங்கினால் பதிவு பண்ணும்போது மெஷின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை நல்ல மெஷினில் போட்டால் எல்லாமே வேகமாக ஓடும், எல்லாமே உயரத்தில் கேட்கும். கிடாரும், குரலும், சிரிப்பும்.

கேசட்டில் பாட்டுக்குப் பாட்டு சுருதி ஏறிக்கொண்டே போகும். உற்சாகம் கூடக் கூட அப்பா தந்தியை முறுக்கிக்கொண்டே போனார் என்று அவள் எத்தனை பேட்டியில் சொல்லியிருப்பாள்! அவரை மாதிரியே அவளும் முறுக்கினாள். மேடைக்கு மேடை தந்தி அறுந்தது. அவர் முறுக்கவே இல்லை. பேட்டரிதான் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

"வோனா," என்றான் மார்க்விஸ். "என் போன்ல வேகத்தைக் குறைக்கலாம். சுருதியும் கூடவே இறங்கும். குறைக்கட்டுமா?"

"வேண்டாம்."

சாப்பிடாத ரொட்டியை அப்படியே வண்டி மேல் வைத்துவிட்டு அவள் நடந்தாள். வேலிக்கு அப்பால் குட்ஸூக் கொடி ஒரு பழைய டிராக்டரை முழுசாக மூடியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள்.

ஒரு அப்பாதான் இருந்தார் அவளுக்கு. படம்கூட ஒன்றே ஒன்று, அதிலும் தொப்பி நிழலில் முகம் தெரியாது. இருந்தது அந்தக் குரல் மட்டும்தான். அந்தக் குரலைப் பிடிக்கத் தன் தொண்டையை எட்டாத உயரத்துக்கு ஏற்றி ஏற்றி, இன்று அதுவே அவள் குரல் ஆகிவிட்டது. கேசட்டின் வேகத்தைத் தொட்டால் பதினாலு வயதிலிருந்து கூட இருந்த ஆள் போய்விடுவார். பதிலுக்கு வரப்போகிறவர் யார்? தெரியாது. வந்தவரைப் பிடிக்காமல் போனால்? இப்படியே காரில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெம்ஃபிஸ் போய்விடலாம். அங்கே யாரும் பர்னெல் மாதிரி எழுந்து நின்று காலை மடக்கிப் பார்க்கப் போவதில்லை. அங்கே தட்டுவார்கள். அவர்களுக்கு அந்த ஓடுகிற குரல் போதும்.

பின்னால் செருப்புச் சத்தம். எர்ஸலீன்.

"கண்ணு, கோவமா?"

"உங்க மேல இல்ல அத்தை."

"நான் குடுத்த பேட்டரிதானே. என் மேலேயும் கோவப்படலாம், தப்பில்ல." அவள் வேலி மேல் கையை ஊன்றினாள். "உனக்கு வேண்டாம்னா குறைக்க வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நான் அவன் குரலைக் கேட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுடி. இப்ப நெனச்சுப் பார்த்தா ஞாபகத்துல வர மாட்டேங்குது. பேசினது ஞாபகம் இருக்கு, சத்தம் வரல. நீ வேணா தூரமாப் போய் நில்லு. எனக்காக ஒரு தடவை போடச் சொல்லு."

லவோனா திரும்பி அத்தையைப் பார்த்தாள். தனக்கு மட்டும்தான் அந்தக் குரலில் உரிமை இருக்கிறது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தூரமாகப் போய் நிற்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

"குறை," என்றாள்.

எவ்வளவு குறைப்பது என்று யாருக்குத் தெரியும்? ஹோசியாவின் குரலைச் சரிபார்க்க ஹோசியா இல்லை. பர்னெல்தான் வழி சொன்னார். "அவ சிரிப்பு இருக்கே. சிரிப்பு சரியா வந்தா மத்ததும் சரியா வந்தாப்ல."

சிரிப்பு இருந்த இடத்துக்கு ஓட்டினார்கள். நூற்றுக்கு ஐந்து குறைத்தான் மார்க்விஸ்.

"இது பள்ளிக்கூடத்துப் பொண்ணு," என்றார் பர்னெல்.

பத்து.

"கல்யாணத்துக்கு முன்னால நீ இப்படிச் சிரிப்பே. இன்னும் இறக்கு."

"அப்பவே கவனிச்சு வெச்சிருக்கான் பாரு கெழவன்," என்றாள் எர்ஸலீன். ஆனால் அவள் ஸ்பீக்கரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினைந்து. பதினாறு. பதினேழில் சிரிப்பு வண்டியிலிருந்து வெளியே வந்து விழுந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கில் குறட்டையோடு முடிந்தது. பர்னெல் தொடையில் தட்டினார். "இந்தா! இவதான்!"

மார்க்விஸ் அங்கேயே நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து விட்டான்.

கட்டைவிரல் இறங்கியது. அது ஓட்டம் இல்லை, நடை. வயிறு நிறையச் சாப்பிட்டவன் தன் சொந்த நிலத்தில் நடக்கிற நடை. பிறகு குரல் வந்தது. கனத்த, கரகரத்த, அவசரமே இல்லாத குரல். லவோனாவுக்கு அது யாரென்றே தெரியவில்லை. எங்கும் ஓடாமல், யாரிடமும் வந்து சேர வேண்டிய தவிப்பு இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பாடுகிற ஒரு முழு ஆண்பிள்ளை. அவள் முதல் தடவையாகச் சந்திக்கிற ஆள்.

அடையாளம் கண்டது எர்ஸலீன்தான். லவோனாவின் கையை விட்டுவிட்டு, வண்டிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஹோசியா," என்று மட்டும் சொன்னாள், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

லவோனாவுக்கு அழுகை வரவில்லை. வரும், வேறொரு நாளைக்கு. இப்போது அவள் தன்னையறியாமல் முழங்காலைப் பார்த்தாள். பர்னெலின் முழங்காலை. உட்கார்ந்த இடத்திலேயே அது மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே போய்க் கிடாரை எடுத்தாள். ஆறு தந்தியையும் தளர்த்தினாள். தொளதொளவென்று ஆனது, விரலுக்கு ஊன்ற இடம் இல்லாத மாதிரி இருந்தது.

"மார்க், வேகத்தைக் குறை. ஓட்டம் வேண்டாம். நீ சாப்பிட்டு முடிச்சு நடக்கிற."

"நான் இன்னும் சாப்பிடவே இல்ல," என்றான் மார்க்விஸ். ஆனால் குச்சியை எடுத்தான்.

கழுதைப் பாட்டையே மறுபடி வாசித்தாள். முதல் கொஞ்ச நேரம் கை பழைய ஓட்டத்துக்கே பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தாள். தளர்ந்த கீழ்த் தந்தி தரை வழியாகப் போய் மேசைக் கால்களில் உறுமியது. பர்னெல் உள்ளே வந்தார். கையில் ஒரு கிளாஸ், விளிம்பு வரை. தரை நடுவில் நின்று முழங்காலை மடக்கினார். ஒரு அடி. அடுத்த அடி. அதற்கடுத்தது. தாளம் அவருக்காகக் காத்திருந்து, அவரோடு சேர்ந்து கால் வைத்தது.

தொப்பி வைத்த ஒரு அம்மாள் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். அவ்வளவுதான். பிறகு யார் முதலில் எழுந்தது, யார் கடைசியில் எழுந்தது என்று தெரியவில்லை.

பாட வேண்டிய இடம் வந்தது. உச்சக் குரல் இந்தச் சுருதியில் ஒட்டாது. அப்பாவின் பாதாளம் அவளுக்கு எட்டாது. வாயைத் திறந்தபோது வந்தது, அத்தையோடு வேலியோரம் நின்று பேசின குரல். கொஞ்சம் அகலமான, கொஞ்சம் சோர்ந்த, முப்பத்தேழு வயதுப் பெண்ணின் குரல். இதை அவள் மைக்கில் கேட்டதே இல்லை. கூச்சமாக இருந்தது. ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் துணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்ஸலீன் ஏப்ரனோடு வந்து, யாரோ ஒருவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு, கண்ணை மூடி அசைந்தாள்.

கழுதை ஓடைக்கரைக்கு வந்துவிட்டது. கேசட் அந்த இடத்தில்தான் நின்றுபோகும். டார்ச் லைட் பேட்டரி முழுசாகச் செத்த இடம் அது. லவோனா இத்தனை வருஷமும் பாட்டை அங்கேயே வெட்டென்று நிறுத்துவாள். அதை ஒரு அழகு என்று எல்லாரும் புகழ்வார்கள். இப்போது மார்க்விஸ் பழக்கத்தில் குச்சியை உயர்த்தி அவளைப் பார்த்தான்.

தரை நிறையக் கால்கள். ஒன்றுகூட நிற்கிற எண்ணத்தில் இல்லை.

"எங்க முடிக்கிறது?" என்று கத்தினான்.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று அவளும் கத்தினாள். "அவங்க காலைப் பாரு!"

கட்டைவிரல் இறங்கியது. ஓடைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே லவோனா வாசித்துக்கொண்டு போனாள்.